தாயார் பெயர் என்ற கட்டம்

என் மேசை இழுப்பறையில் ஒரு நீலப் பேனா கிடக்கிறது. அதன் பின்பக்கத்தில் ஐந்தாறு மணிகளோடு ஒரு துண்டுச் சங்கிலி தொங்குகிறது. எழுதாது, மை உலர்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. அது திருட்டுப் பொருள். சிராங்கூன் சாலையில் அப்போது இருந்த ஒரு வங்கியின் கவுன்டரிலிருந்து, பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, என் மாமா அறுத்துக்கொண்டு வந்தது. செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஒரு திருகாணியைக்கூட வீட்டுக்குக் கொண்டு வராத மனிதர் அவர்.

மாமா என்றால் என் அத்தையின் கணவர். அவருக்கு அம்மா அப்பா யாரென்று தெரியாது. கைக்குழந்தையாகக் கன்னியர் மடத்து வாசலில் யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் பதிவேட்டில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தன் பெயரையே எழுதிவிட்டாராம். தாய் பெயருக்கு ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் பேசமாட்டோம். மாமாவும் பேசமாட்டார். ஆனால் யாராவது நேருக்கு நேர் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டார். "தெரியாது" என்பார். அதற்கு மேல் கேட்க யாருக்கும் துணிவு வராது. வங்கிக்குத்தான் வந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி வரை அந்த வங்கி ஒரு பெட்டிக்கடை மாதிரிதான் இருந்தது. மாமா வாராவாரம் சனிக்கிழமை செம்பவாங்கிலிருந்து பேருந்து பிடித்து தேக்கா சந்தைக்கு வருவார். வங்கிக்குப் போவார், மீன் வாங்குவார், வெற்றிலை வாங்குவார், திரும்புவார். கவுன்டரில் ஒரு தமிழர் இருந்தார். மாமாவைக் கண்டால் "வாங்கண்ணே" என்று எழுந்தே நிற்பார். நானும் சில நாள் கூடப் போயிருக்கிறேன், அடையாள அட்டையைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. முகம் போதும் அப்போது. அத்தை சிறுகச் சிறுகச் சேர்த்த நகையெல்லாம் அந்த வங்கிப் பெட்டகத்தில்தான் இருந்தது. மகளுக்குக் கல்யாணம் வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள்.

பிறகு அந்த வங்கியை வேறொரு பெரிய வங்கி வாங்கியது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், குளிர்சாதனம் போட்டார்கள், கவுன்டருக்குக் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள், பேனாவைச் சங்கிலியில் கட்டினார்கள். ஐந்து காசு பெறாத பேனாவை நம்மை நம்பி விட்டுவைக்க மனமில்லை. ஆனால் நம் வீட்டு விஷயத்தை மட்டும் ஒன்று விடாமல் அவர்களிடம் அவிழ்த்துக் கொட்ட வேண்டும். நாலு பக்கப் படிவம். வீட்டில் எத்தனை பேர், மனைவி வேலைக்குப் போகிறாளா, என்ன மதம், எந்த ஊரில் பிறந்தீர்கள், இதற்கு முன் எங்கே குடியிருந்தீர்கள். பெண் கேட்டு வருகிறவர்கள்கூட இவ்வளவு விசாரிக்கமாட்டார்கள். மூன்றாம் பக்கத்தில், ரகசியக் கேள்விக்கு என்று ஒரு கட்டம். தாயார் பெயர்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாமா பெட்டகத்தைத் திறக்கப் போயிருக்கிறார். படிவம் முழுதாக வந்தால்தான் பெட்டகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை படிவத்தை எழுதிக்கொண்டு போனார். தாயார் பெயர் காலியாக இருக்கிறது என்று மறுபடியும் திருப்பி அனுப்பினார்கள். கல்யாணம் வரும் புதன்கிழமை என்றிருந்தபோது, ஷென்டன் வேயில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த என்னை அத்தை கூப்பிட்டு அனுப்பினாள். ஆங்கிலம் தெரிந்தவள், கூடப் போய் என்னவென்று பார் என்றாள்.

கண்ணாடிக்குப் பின்னால் அதே ஆள்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் இப்போது கழுத்தில் டை. அண்ணன் போய் மிஸ்டர் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக வாங்கண்ணே போங்கண்ணே என்று பேசிய வாயால், மாமாவைப் பார்த்து நீங்கள் யார் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. தாயார் பெயர் ஏன் எழுதவில்லை என்று அவர் கேட்டது அந்தக் கண்ணாடித் துளை வழியாக வரிசை முழுவதற்கும் கேட்டது. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்க்கிற முகங்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு மாமாவின் பிறப்பு பற்றி ஒன்றும் தெரியாது. மாமா குரலைத் தாழ்த்தி, தெரியாது என்றார். அந்த ஆளுக்கு அது புரியவேயில்லை. சிரித்தார்.

"அம்மா பேரு தெரியாதா? ஏதாவது ஒண்ணு எழுதுங்க லா. கட்டம் காலியா இருக்கக்கூடாது, அவ்வளவுதான்."

"தெரியாதத எப்படித் தம்பி எழுதறது?" என்றார் மாமா. "கீழ, மேல எழுதினதெல்லாம் உண்மைன்னு கையெழுத்து வேற போடச் சொல்றீங்களே."

அந்த ஆள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மாமா வெளியே போய் ஐந்தடி நடைபாதையில் நின்றுகொண்டார். சட்டைப் பையில் பெட்டகச் சாவி இருந்தது. அதை வெளியே எடுத்துப் பார்ப்பதும் உள்ளே போடுவதுமாக இருந்தார். நான் கவுன்டரிலேயே நின்றேன். எனக்கு இருபத்தொரு வயது. புதன்கிழமை மணமேடையில் கழுத்து மூளியாக நிற்கப்போகிற மாமா மகள்தான் என் கண்முன் நின்றாள். சங்கிலியில் கட்டிய பேனாவை இழுத்து, அந்தக் கட்டத்தில் மரியா என்று எழுதினேன். எழுதி முடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. பிறகு மாமாவை உள்ளே கூப்பிட்டு, சரிசெய்துவிட்டேன், கையெழுத்துப் போடுங்கள் மாமா என்றேன். மருமகள் சரிசெய்துவிட்டால் சரிதான் என்று அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை. பெட்டகம் திறந்தது. கல்யாணம் நன்றாக நடந்தது. நான் அந்தப் பெயரை மறந்தேபோனேன்.

வங்கி மறக்கவில்லை. எண்பதுகளில் மாமா ஓய்வுபெற்று ஈசூனில் புது வீட்டுக்குக் குடிபோனார். முகவரியை மாற்றத்தான் வங்கிக்குப் போயிருக்கிறார். சாதாரண விஷயம். புதிதாக வந்திருந்த சீனப் பெண் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, மலாயில் தாயார் பெயரைக் கேட்டிருக்கிறாள். மாமா, தெரியாது என்றிருக்கிறார். வாழ்நாளெல்லாம் சொன்ன அதே உண்மை. அவள் கையிலிருந்த வங்கிப் பதிவு அட்டையைப் பார்த்து, இல்லை, இது பொருந்தவில்லை என்றிருக்கிறாள். மறுபடி கேட்டிருக்கிறாள், மறுபடி தெரியாது. பதவி உயர்ந்து கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த நம் பழைய ஆளைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் வந்து, மாமாவின் முகத்தை நன்றாகப் பார்த்து, பதில் பொருந்தாதவரை கணக்கைத் தொட முடியாது என்று சொல்லிவிட்டார். மாமாவை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, காவலாளியைப் பக்கத்தில் நிற்கவைத்திருக்கிறார்கள்.

வங்கியிலிருந்து என் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. டாக்சி பிடித்து ஓடினேன். மாமா கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, மாதாகோயிலில் உட்காருவதுபோல நேராக உட்கார்ந்திருந்தார். வேறு யாரோ தன் பெயரில் வந்து ஏதோ செய்துவிட்டதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நேரே கண்ணாடி அறைக்குப் போய், ஏதாவது ஒன்று எழுதச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். அந்த ஆள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அப்படியெல்லாம் வங்கியில் சொல்ல மாட்டோம் என்றார். இவரை இருபது வருடமாக உங்களுக்குத் தெரியாதா என்றேன். தனக்குத் தெரிவது கணக்கில் வராது என்றார். இதைச் சொல்லச் சம்பளம் வாங்குகிற ஜென்மம்! அட்டையில் உள்ள பெயரை மாமா தன் வாயால் சொல்ல வேண்டும், நான் சொன்னால் செல்லாது, அவ்வளவுதான் அவர் பேச்சு.

மாமாவின் பக்கத்தில் போய்க் குனிந்தேன். அவருக்கு அறுபது வயது இருக்கும். அவர் அம்மாவின் பெயரை அவர் காதில் நான் சொன்னேன். காவலாளி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுக்கு இருந்த வெட்கம் உள்ளே இருந்தவனுக்கு இல்லை. மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எழுதியது, எப்போது எழுதியது, எல்லாம் அவருக்கு விளங்குவதை அந்த முகத்தில் பார்த்தேன். பிறகு எழுந்து கவுன்டருக்குப் போனார்.

"என் அம்மா பேரு மரியா" என்றார்.

அந்தப் பெண் அட்டையில் ஒரு குறி போட்டாள். நன்றி அங்கிள் என்றாள். உண்மை சொன்னபோது உட்காரவைத்தவர்கள், பொய் சொன்னதும் நன்றி சொன்னார்கள். மாமா முகவரிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, சங்கிலியை இரண்டு சுற்று விரலில் சுற்றினார். கப்பல் கயிறு இழுத்த கை. ஒரே இழுப்பு. மணிகள் தரையில் சிதறின. பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். வரிசை முழுக்கப் பார்த்தது, கண்ணாடி அறை பார்த்தது, யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஈசூன் பேருந்தில் ஏறினோம். பாதி வழியில் பேனாவை எடுத்து என் கையில் வைத்தார்.

"எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மருமகளே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அதற்கப்புறம் பதினோரு வருடம் இருந்தார். கிறிஸ்துமஸுக்கு, ஈஸ்டருக்கு, பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு எத்தனையோ முறை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். அந்தப் பெயரைப் பற்றி அவரிடம் நான் வாயே திறக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. வங்கிக்காரனைத் திட்டியே காலத்தை ஓட்டிவிட்டேன். இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

போன வாரம் என் வங்கியிலிருந்து அழைத்தார்கள். நாற்பது வருடத்துக்கும் மேலாக நான் கணக்கு வைத்திருக்கிற வங்கி. ஓர் இளம்பெண். என் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டுமாம். அழைத்தது அவள், ஆனால் நான் யாரென்று நான்தான் நிரூபிக்க வேண்டும். பிறந்த தேதி கேட்டாள், சொன்னேன். முகவரி கேட்டாள், சொன்னேன். தாயார் பெயர் கேட்டாள். என் அம்மா பெயர் எனக்குத் தெரியும். நவம்பர்தோறும் கல்லறைக்குப் போய் அந்தப் பெயரின் மேல் படிந்த பாசியைத் துடைக்கிறவள் நான்.

"தெரியாது" என்றேன்.

அவள் திகைத்துப்போய் மறுபடி கேட்டாள். மறுபடி அதையே சொன்னேன். அப்படியானால் கணக்கு முடங்கிவிடும் மேடம், நேரில் வந்து படிவம் எழுத வேண்டியிருக்கும் என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்குப் போகிறேன். பேனாவைக் கைப்பையில் எடுத்து வைத்திருக்கிறேன். மற்ற கட்டங்களையெல்லாம் அவர்கள் பேனாவாலேயே நிரப்புவேன். அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். ஏதாவது ஒன்று எழுதுங்கள் என்று யாராவது சொல்லட்டும், பார்க்கலாம்.