புல்வெளிக்கு அடியில் நிலக்கரி

காகித ஆலையின் பாய்லருக்கு முப்பத்தொரு வருடமாகக் கரி தள்ளியவரை எல்லோரும் அடுப்படியார் என்றுதான் கூப்பிட்டார்கள். புருவ முடி கருகிக் கருகி, முளைப்பதையே விட்டிருந்தது. இடுப்பெலும்பு முறிந்த மனைவியின் சக்கர நாற்காலி நுழைய, ஆலைக் குடியிருப்பு வீட்டின் கதவுகளைத் தன் கையாலேயே அகலப்படுத்தியிருந்தார். வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு.

பாடநூல் அச்சிடும் பெரிய கம்பெனி ஒன்று, கரி எரிக்காமல் செய்த காகிதம்தான் வேண்டும் என்றது. மேனேஜர் உடனே மாற்றத்தில் இறங்கினார். அதாவது, விளம்பரப் புத்தகத்தை மாற்றினார். மரம், பறவை, குழந்தை என்று பளபளவென இருபது பக்கம். அந்தப் பக்கங்களைக் காயவைக்க அடுப்படியார் கூடுதலாக ஒரு லாரிக் கரி எரித்தார்.

நேரில் பார்க்க வருகிறோம் என்று கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. உமிதான் எரிக்கிறோம் என்று காட்ட, பாய்லர் வாசலில் உமி மூட்டைகள் ஏறின. பின்புறத்துக் கரியை ஒரே குன்றாகக் குவித்து, மேலே மண் போட்டு, புல் பதித்து, நாலு பூந்தொட்டியும் வைக்கச் சொன்னார் மேனேஜர்.

"சார், கரியை இவ்ளோ உயரமா குவிச்சா உள்ளுக்குள்ளயே சூடேறிப் பத்திக்கும். பரப்பித்தான் வைக்கணும்."

"ரெண்டு வாரம் தாங்காதா? வாயை மூடிக்கிட்டு இருங்க. இல்லன்னா வீட்டைக் காலி பண்ணுங்க."

அடுப்படியார் வாயை மூடிக்கொண்டார். கரி மூடிக்கொள்ளவில்லை.

கம்பெனியிலிருந்து வந்த இரண்டு பெண்களும் புல்வெளியைப் பார்த்து நின்றபோது, தொட்டிகளுக்கு நடுவே மெல்லப் புகை எழுந்தது.

"இது என்ன சார்?"

"காலைப் பனி மேடம்."

மணி பன்னிரண்டு.

அடுப்படியார் காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவதுபோலப் புல்லில் கை வைத்தார். சுட்டது. பத்தடி தள்ளிக் காகிதச் சுருள் கொட்டகை. உள்ளே ஆறு பேர். வீட்டுக் கதவு ஒருமுறை கண்முன் வந்து போனது. மண்வெட்டியை எடுத்தார்.

"என்ன பண்றீங்க?" மேனேஜரின் குரல் கீச்சென்றது.

"பனியைத் தோண்டுறேன் சார். தள்ளி நில்லுங்க, பேண்ட் பத்திக்கும்."

கொட்டகை ஆட்களும் ஓடிவந்தார்கள். சிவந்த கரியை இழுத்துப் பரப்பித் தண்ணீர் அடித்து அணைத்தார்கள். அடுப்படியாரின் முன்கையில் இரண்டு கொப்புளம்.

வந்தவர்களில் மூத்தவர் கேட்டார்: "அப்போ கரிதான் எரிக்கிறீங்களா?"

"ஆமாம்மா. காகிதம் காயணுமே. அந்த உமியில ஒரு நோட்டுப் புத்தகம் காயும்."

மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "எங்ககிட்ட ஒளிவுமறைவே கிடையாது மேடம். பாருங்க, நாங்களே தோண்டிக் காட்டுறோம்."

மூன்றாம் நாள் கம்பெனியின் கடிதம் வந்தது. மூன்று வருடத்தில் கரியைப் பாதியாகக் குறைத்தால் காகிதம் வாங்கிக்கொள்வார்களாம். குறைகிறதா என்பதை மாதாமாதம் அந்த மண்வெட்டிக்காரரே சொல்ல வேண்டுமாம். மேனேஜர் கடிதத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினார். மண்வெட்டிக்காரர் பற்றிய கடைசி வரி மட்டும் சட்டத்தின் விளிம்புக்கு அடியில் மறைந்துவிட்டது.

"வீடு?" என்றாள் மனைவி.

"இருக்கு."

"சரி, கையைக் காட்டுங்க. கொப்புளத்தைக் கிள்ளாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"