வல்லாஹி என்று சொல்லித் தந்த பெட்டி

அந்தக் கம்பியூட்டரை எனக்கு விற்றவர், பள்ளிவாசலில் பல வருடங்களாக என் வலது பக்கத்தில் நின்று தொழுகிறவர். கல்முனைக்குடியில் கடை வைத்திருக்கிறார். சின்ன வயதிலிருந்தே மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

நான் ஒன்பதாம் வகுப்போடு வயலுக்குப் போனவன். பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மகளின் தேவையை மட்டும் சொன்னேன். அவள் வீட்டுப் பிளான் வரையப் படித்தவள். ஒரு வீட்டின் பிளானை வரைந்து, அதை நிஜ வீடு போலப் படமாகவும் செய்து அனுப்பினால், வீட்டிலிருந்தே செய்ய வேலை தருவதாக ஓர் இஞ்சினியரின் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை வரை தவணை. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒரு வழி பிறந்தது என்றிருந்தேன்.

“வல்லாஹி மச்சான், உள்ளுக்க எல்லாம் புதுச் சாமான். ஒன்ட மகளும் என்ட மகளும் வேறயா? வேற ஆளக் கொண்டு மட்டும் துறக்காத.”

அல்லாஹ்வின் மீது ஆணையிட்ட பிறகு நான் என்ன கேட்க?

கடிதம் தட்டினால் ஓடியது. குர்ஆன் கிறாஅத் போட்டால் ஓடியது. பிளான் கூட வரைந்தாள். அதைப் படமாக்கக் கொடுத்தால்தான் பெட்டி டப்பென்று செத்துப்போகும். சிலநேரம் உடனே, சிலநேரம் அரை மணித்தியாலம் கழித்து. ஒருநாள் முழுக்க ஒன்றும் செய்யாது, அடுத்த நாள் மூன்று தரம். என் மனைவி கண்ணூறு என்று ஓதி ஊதினாள். அதற்குப் பிறகும் நின்றது.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே அது நல்ல பிள்ளை. அவர் ஒரு மௌலவியின் பயானைப் போட்டுக் காட்டினார்.

“இஞ்ச பாரு, புது மாப்பிள மாதிரி அடக்கமா இரிக்கி. ஒன்ட வீட்டுக்கு வந்தாத்தான் கோவம் வருதுபோல.”

முதல் தரம் ரேமை மாற்றினார். இரண்டாம் தரம் வீட்டுக் கரண்ட் சரியில்லை என்றார். ஆள் பிடித்து வயரிங் பார்த்தேன். மூன்றாம் தரம், “புள்ள கண்டதையும் ஏத்தியிரிப்பா, கேட்டுப் பாரு” என்றார்.

கேட்டேன். கேட்டேன் என்பது சரியான சொல் இல்லை, ஏசினேன்.

“படம் செய்யக்குள்ள மட்டும்தான் வாப்பா நிக்கிது. ஒவ்வொரு தரமும் எழுதி வச்சிரிக்கன், பாருங்க. காரைதீவில ஒராள் திருத்துறாராம். ஒருக்கா துறந்து காட்டுவமே.”

“ஆணையிட்ட மனிசனச் சந்தேகப்படச் சொல்றியா?”

அவள் கொப்பியை மூடிவிட்டாள். அந்தப் பெட்டியைத் திறப்பது அவருடைய சத்தியத்தைத் திறந்து பார்ப்பது போல எனக்குப் பட்டது. மகளின் கொப்பியை நான் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

வியாழன் போனது. சனிக்கிழமை கந்தோரில் இருந்து, வேறொருவரை எடுத்துவிட்டோம் என்று செய்தி வந்தது. மகள் அழவில்லை. போனை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் நான் பெட்டியையும் அவளையும் ஏற்றிக்கொண்டு காரைதீவுக்குப் போனேன்.

அந்த மனிதர் கொப்பியை முதலில் வாங்கி வாசித்தார். பிறகு பெட்டியைத் திறந்து, உள்ளுக்கெல்லாம் கரண்ட் பிரித்துக்கொடுக்கும் பவர் சப்ளைக்குப் பதிலாகத் தன்னுடையது ஒன்றை வெளியே வைத்து வயர்களைப் பூட்டினார். மகள் அதே படத்தைக் கொடுத்தாள். முழுதாக முடிந்தது. பழையதைத் திரும்பப் பூட்டினார். பாதியில் டப்.

“காக்கா,” என்று அண்ணன் முறை சொல்லி அழைத்தார், “வயல் செய்றனீங்கதானே? சின்ன வாய்க்கால். வயலுக்குத் தண்ணி விடுற எல்லா வக்கடையையும் ஒரேயடியாத் திறந்தா என்ன நடக்கும்?”

“தண்ணி காணாது.”

“அதுதான் இது. சும்மா இருக்கேக்க ஒரு வயலுக்குத்தான் தண்ணி. படம் செய்யேக்க எல்லா வயலும் கேட்குது.”

பழையதைக் கழற்றி என் கையில் தந்தார். பாரமே இல்லை. அதன் மேல் வாட் அளவு போட்ட லேபிள் ஒட்டை நகத்தால் கிளப்பினார். அடியில் இன்னோர் ஒட்டு, நிறம் மங்கியது. மேலே இருந்த எண்ணில் பாதிகூட அதில் இல்லை.

“ஆரோ பாவிச்சுக் கழட்டினது காக்கா.”

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் அதை மச்சானிடம் நீட்டினேன்.

“இத நானா செஞ்ச? வந்தபடி தந்தன்.”

“ஒட்டுக்கு மேல ஒட்டும் வந்தபடியா மச்சான்?”

யாரும் கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். “சரி, வேற ஒண்டு தாறன். சின்ன விசயம்.”

“வல்லாஹியையும் மாத்தித் தருவியா?”

செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

வீட்டில் மகளிடம் மாப்புக் கேட்டேன். “அவரு ஆணையிட்டாரு, நம்பினீங்க. நான் ஆணையிடல்ல வாப்பா. எழுதி மட்டும்தான் வச்ச” என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

மஃரிப் தொழுகைக்குப் போனபோது அவர் வழமையான இடத்தில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் என் இடம் காலியாக இருந்தது. ஸப்பில், தொழுகை வரிசையில், இடைவெளி விடக்கூடாது. போய் நின்றேன். தோளும் பட்டது. தொழுது முடித்து வலப்பக்கம் திரும்பி ஸலாம் சொன்னபோது அவருடைய கன்னம் தெரிந்தது. வாய் சொல்லிவிட்டது. அந்த ஸலாமைக் கபூலாக்கு, ஏற்றுக்கொள் என்று இறைவனிடம் கேட்க எனக்கு இன்னும் நாக்கு வரவில்லை.