சிரிக்காமல் நில்லுங்கள் என்றேன்

அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்குத்தான் எல்லாம் கெடத் தொடங்கியது. என் கைப்பேசியிலேயே நேரம் பதிந்திருந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி, சங்கராபுரத்தில் ஒரு டீக்கடை முன்னால் வேனை நிறுத்தியிருந்தோம். மலையில் கிடைக்காத சிக்னல் அங்கே கிடைத்தது. மற்றப் பெண்கள் இறங்கி டீ குடித்துக்கொண்டிருக்க, நான் வேனிலேயே உட்கார்ந்து, அன்று எடுத்த படங்களில் ஒன்றைப் பொறுக்கி வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன். "மலையில் வாழும் ஏழைகளுக்கு ஆண்டவருடைய அன்பு" என்று அதன் கீழே எழுதினேன்.

டிசம்பர் வந்தால் கள்ளக்குறிச்சியிலிருந்து எங்கள் சபைப் பெண்கள் மலைக்குப் போர்வை கொண்டுபோவது வழக்கம். வார நாட்களில் நான் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் சபைப் பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்லிக்கொடுப்பவள். அதனால் படம் எடுப்பதும் நாலு வரி எழுதுவதும் எப்போதும் என் வேலை.

மறுநாள் ஆராதனையில் எழுந்து நின்று பயணத்தைப் பற்றிச் சாட்சி சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

திங்கட்கிழமை மாலை என் மகள் கல்லூரியிலிருந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாமா பண்ணி வச்சிருக்க?"

"இன்னாடி?"

"நீ ஸ்டேட்டஸ்ல வச்சியே, கைய நீட்டிக்கினு ஒரு அம்மா. அது யாரு தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. அவளுக்கும் அன்றுவரை தெரிந்திருக்கவில்லை. அது அவளுடைய தோழியின் அம்மா. அந்தத் தோழி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பெண். எங்கள் வீட்டுக்கே நாலைந்து முறை வந்திருக்கிறாள். என் கையால் சாப்பிட்டிருக்கிறாள். "ஆண்ட்டி, ரசம் சூப்பரா இருக்குது" என்று இரண்டாம் முறை வாங்கிக் குடித்திருக்கிறாள். அவளுடைய ஊர்ப் பெயரை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு மாணவி அந்தப் படத்தைத் தன் விடுதித் தோழிகளுக்கு அனுப்பியிருக்கிறாள். அவர்களில் ஒருத்தி, அந்த அம்மா தன் மகளை விடுதியில் சேர்க்க வந்தபோது பார்த்த முகத்தை அடையாளம் கண்டுவிட்டாள். ஞாயிறு முழுக்க விடுதியில் அதே பேச்சு. "உனக்கும் ஒரு போர்வை சொல்லி வைக்கட்டா?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். திங்கள் காலை முதல் பஸ்ஸில் அந்தப் பெண் பையோடு மலைக்குப் போய்விட்டாள். இனிமேல் படிக்க வரப்போவதில்லை என்று என் மகளுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டுப் போயிருக்கிறாள்.

"நல்லதுக்குத்தானேடி செஞ்சோம்" என்றேன்.

மகள் என் கைப்பேசியை எடுத்துப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நிறுத்தி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுல சிரிச்சிக்கினு அழகா இருக்காங்க. இத ஏன் போடல?"

கைப்பேசியை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன். பதில் என்னிடம் இருந்தது.

சனிக்கிழமை நாங்கள் போன மலைக் கிராமத்தில், வேன் போகும் பாதை அந்த அம்மாவின் வீட்டோடு முடிந்தது. மரவள்ளிக் கொல்லையிலிருந்து மண் கையோடு வந்தவர், எங்களைப் பார்த்ததும் சொன்னது இதுதான்: "எங்களுக்கு இருக்குதுங்க. அதோ மேல இருக்குற வூட்டுல வயசானவரு ஒருத்தரு தனியா கெடக்குறாரு. அவருக்குக் குடுங்க."

மேலே ஏற்றம். எங்களில் ஒருத்தி, "அங்க ஏறினா எறங்கும்போது என்னத்தான் போர்வையில சுத்தித் தூக்கிக்கினு வரணும்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அந்த அம்மாவும் சிரித்தார். "பரவாயில்ல, நீங்களே வாங்கிக்கங்க" என்று நான் வற்புறுத்தினேன். வந்தவர்களை வெறுங்கையோடு திருப்ப மனமில்லாமல் அவர் கையை நீட்டினார். ஆறு பெண்கள் ஆளுக்கொரு ஓரமாகப் போர்வையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் படம் எடுத்தேன். பார்த்தால், வீட்டுக்கு வந்த விருந்தாளிகளோடு நிற்கிறவர்போல் அவர் இருந்தார். உதவி வாங்குகிறவராகத் தெரியவில்லை.

"கொஞ்சம் சிரிக்காம நில்லுங்கம்மா" என்றேன்.

வகுப்பில் அதட்டல் வாங்கிய பிள்ளைபோல் அந்த முகம் சட்டென்று அடங்கியது. அதைத்தான் ஸ்டேட்டஸில் வைத்தேன். அதற்குப் பிறகு அவர் அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் கொண்டுவந்தார். நாங்கள் ஏழு பேரும் நின்றபடியே தின்றோம். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மகள் வழக்கம்போல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பதினொரு மணிக்கு அவளுடைய பேராசிரியை போன் செய்து, ஏன் வரவில்லை என்று கேட்டார். மகளின் எண்ணைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். மலைக்குப் போகும் பஸ் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அவள் மலைக்குத்தான் போனாளா, வேறெங்காவது போனாளா என்பதே எனக்குத் தெரியாது. பத்தொன்பது வயதுப் பெண். செய்தியில் படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

இரண்டரை மணிவரை மகளின் எண்ணையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுவிட்டு, உளுந்தூர்பேட்டையில் வேலையிலிருந்த கணவருக்குப் போன் செய்தேன். "ஊருக்கெல்லாம் போர்வை போத்தப் போன, வூட்டுல பொண்ணு எங்கன்னு தெரியல" என்று கத்தினார். பிறகு, "வூட்டுலயே இரு, நான் வந்துக்கினு இருக்கேன்" என்றார்.

வீட்டில் தனியாக முழங்காலிட்டேன். ஜெபம் வரவில்லை. தர்மம் செய்யும்போது வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற இயேசுவின் போதனையைப் போன மாதம்தான் பிள்ளைகளுக்கு நடத்தியிருந்தேன். இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வலது கையால் பக்கத்துப் பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கச் சொன்னேன். ஒரே சிரிப்பு. அதையும் படம் எடுத்துப் பெற்றோருக்கு அனுப்பினேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. தெருமுனையில் எல்லாரும் பார்க்க நின்று வேண்டிக்கொள்கிறவர்களைப் பற்றி வேதத்தில் படிக்கும்போதெல்லாம், அவர்கள் வேறு யாரோ என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் விஷச்சாராயத்தால் வரிசையாகச் சாவு விழுந்த நாட்களில், அழுகிற பெண்களின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டியவர்களை நானே திட்டியிருக்கிறேன். "மனுசங்களா இவங்க?" என்று கேட்டிருக்கிறேன். அவர்கள்கூட யாரையும் சிரிக்காதே என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

படத்தை நீக்கலாம் என்று திறந்தேன். ஸ்டேட்டஸ் தானாகவே மறைந்து போயிருந்தது. பிறர் கைப்பேசிகளில் இருப்பதை நான் என்ன செய்ய முடியும்? காணிக்கை கொண்டுவந்த இடத்தில் உன்மேல் ஒருவருக்குக் குறை உண்டு என்று நினைவு வந்தால், அதை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்ற போதனை நினைவுக்கு வந்தது. என் மகள் அதைத்தான் செய்யப் போயிருக்கிறாள் என்று அப்போது புரிந்தது. போகவேண்டியவள் நான். எனக்குப் பதிலாக அவள் போயிருக்கிறாள்.

மூன்றரை மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. கணவர் என்று நினைத்துக் கதவைத் திறந்தேன். என் மகள் இறங்கினாள். அவளுக்குப் பின்னால், தலைவாரிப் பூ வைத்து, கஞ்சி போட்ட பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் இறங்கினார். யார் என்று எனக்குத் தெரியவில்லை. மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவங்கதான்" என்றாள். அப்போதுதான் தெரிந்தது. இரண்டு முறை படம் எடுத்தும் அந்த முகத்தை நான் பார்த்திருக்கவில்லை.

"உள்ள வாங்க, ஒக்காருங்க" என்று தடுமாறினேன். அவர் நிலைப்படி தாண்டவில்லை.

"தண்ணி மட்டும் குடுங்க. இந்தப் பஸ்ஸுல வந்தா தல சுத்துது."

கொண்டுவந்து கொடுத்தேன். அண்ணாந்து முழுதும் குடித்தார். நான் பேச வாயெடுத்தேன். மன்னிப்புக் கேட்பதற்காக என்னென்னவோ சேர்த்து வைத்திருந்தேன். அவர் சொம்பைக் கொடுத்துவிட்டு லேசாகக் கையமர்த்தினார்.

"அதெல்லாம் எனக்கு இன்னாத்துக்குங்க? மலப் பொம்பளைய எவன் எப்டிப் பாத்தா எனக்கின்னா? பொண்ணுதான் படிக்க வரமாட்டேன்னு படுத்துக்கினு இருக்குது. பரீச்ச வருதாமே. உங்க பொண்ணு கூப்ட்டுப் பாத்துது, நான் கூப்ட்டுப் பாத்தேன், எந்திரிக்கல. தனியா அனுப்பக்கூடாதுன்னு உங்க பொண்ண வுட்டுட்டுப் போவ வந்தேன். நாலரைக்கு பஸ்ஸு, நான் திரும்பணும்."

ஆட்டோ ஓட்டுநரிடம் இருக்கச் சொல்லி ஜாடை காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க வந்து கூப்புடுங்க. ஒருவேள வரும். இப்பவே கெளம்புனா கெளம்புங்க. ஆனா கூட்டமா வராதீங்க. நீங்க மட்டும் வாங்க."