லோயரம்மாவின் புருஷன் வெளிநாடு போகிறார்

தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்கு ஏறும் படிக்குப் பக்கத்தில், இரண்டு கிளிசிரியா மரக் கம்புகளுக்கு நடுவே, அந்தப் பேனரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். நடுவில் கறுப்புக் கோட்டுப் போட்ட விதுஷா, ஆள் உயரத்துக்கு நின்றாள். தலைக்கு மேல் ஒரு விமானம். ‘நியூசிலாந்தில் சட்டப்பணி புரியச் செல்லும் எங்கள் தோட்டத்தின் முதல் சட்டத்தரணிக்கு வாழ்த்துக்கள்’ என்று மஞ்சள் எழுத்தில் போட்டிருந்தது. கீழே ஒரு மூலையில் முத்திரை அளவுக்கு இன்னொரு படம். அதுதான் டிலக்சன். கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவருடைய கை மட்டும் இன்னும் அவன் தோளில் கிடந்தது.

படம் சின்னதாக இருப்பதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. கட்டின நாளிலிருந்து அவன் லோயரம்மாவின் புருஷன்தான். அந்தப் பெயரில் மாத்தளை டவுனில் அவனுக்கு டீக்கடையில் முன்வரிசை கிடைக்கும், பொலிஸ்காரன் கூடக் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவான். குழப்பம் வேறு இடத்தில். அந்த விமானத்தில் வேலைக்கென்று ஏறப் போகிறவன் அவன். அவள் அவனோடு போகிற மனைவி, அவ்வளவுதான். விசாவில் அப்படித்தான் இருக்கிறது. அங்கே போய் இறங்கினால் விதுஷா லோயர் இல்லை. இதை இந்தச் சனத்துக்கு எப்படிச் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா, சொல்லாமல் போனால் அது பொய்யாகுமா? டிலக்சனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

டிலக்சன் டிங்கர் பாஸ். அடிபட்ட வாகனத்தின் தகரத்தைத் தட்டி, நிமிர்த்தி, பழைய உருவத்துக்குக் கொண்டுவருகிற வேலை. கணக்குப் பாடம் இரண்டு தரம் எழுதியும் அவனுக்கு இரங்கவில்லை. சரி போ என்று கலேவெலயில் ஒரு கராஜில் சேர்ந்தான். பிறகு மாத்தளையில் தனியாகத் தொடங்கினான். சீகிரியாவுக்கு வெள்ளைக்காரரை ஏற்றி ஓடுகிற வேன்கள்தான் அவனுக்குச் சோறு போட்டன. அந்தப் பாதையில் ஓடுகிற வேனுக்கு மரம், மாடு, பஸ் என்று வருகிற ஆபத்துகள் போதாதென்று யானையும் உண்டு. மர்சூக் நானாவின் வேனில் ஒரு கொம்பன் வந்து சாய்ந்து முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது. வேனை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தபோது அது நசுங்கின ரொட்டிப் பெட்டியாக இருந்தது. கண்டவன் எல்லாம் பழைய இரும்புக்குப் போடு என்றான். டிலக்சன் அதைத் திரும்ப வேனாக்கினான். மர்சூக் நானா இன்றைக்கும் அதில்தான் ஹயர் ஓடுகிறார்.

விதுஷாவைச் சந்தித்ததே கோர்ட்டில். யாரோ கொண்டுவந்த காருக்கு அவன் டிங்கரும் பெயின்டும் அடித்துக் கொடுக்க, அது களவுக் கார் என்று பொலிஸ் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. அப்போது அவள் கோட்டுப் போட்டுப் புதிது. எழுந்து நின்று ஒரே ஒரு விஷயம் கேட்டாள். களவுக்கு உடந்தையாக இருந்தவன் காருக்கு வேறு நிறம் அடிப்பானா, இருந்த நிறத்தையே தேடி வாங்கி அடிப்பானா? நீதவான் சிரித்துவிட்டார். டிலக்சன் வீட்டுக்குப் போனான். அடுத்த கிழமை நன்றி சொல்ல வந்தவன், அதற்கடுத்த கிழமையும் நன்றி சொல்ல வந்தான்.

அவளுடைய அப்பா அழகையாவுக்கு வயிறு எரிந்தது. கொழுந்துக் கூடையோடு பொஞ்சாதியும் கவ்வாத்துக் கத்தியோடு தானும் மழையில் நனைந்து லோயருக்குப் படிக்க வைத்தது ஒரு டிங்கர் பாஸுக்குக் கட்டிக் கொடுக்கவா என்று கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சமாதானமானார். மருமகனை அல்ல, மகளின் கோட்டைத்தான் ஊர் பார்க்கிறது என்று அவர் கண்டுகொண்டதுதான் காரணம்.

பெற்றோல் வரிசையில் நாள்கணக்காக நின்ற அந்தக் கெட்ட காலத்துக்குப் பிறகு, வெளிநாடு போகிற காய்ச்சல் எல்லார் வீட்டிலும் அடித்தது. விதுஷாவின் சிநேகிதிகள் ஒவ்வொருத்தியாகப் பறந்தார்கள். அவளும் நியூசிலாந்துக்கு எழுதிப் போட்டாள். மறுமொழி மரியாதையாகத்தான் வந்தது. உங்கள் படிப்பு நல்ல படிப்பு. ஆனால் இங்குள்ள சட்டம் வேறு. முதலிலிருந்து படியுங்கள், பரீட்சை எழுதுங்கள், அதுவரைக்கும் லோயர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அவள் விடுவாளா? மாதக்கணக்கில் வாதாடினாள். அந்தப் பக்கத்திலிருந்து அதே மரியாதையோடு அதே மறுமொழி வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏங்க, அங்க ஆள் தட்டுப்பாடாம். யாருக்குன்னு நெனைக்கிறீங்க? டிங்கர் பாஸுக்கு!”

“நக்கல் பண்ணாத விது.”

“நெசமாத்தான். உங்களத்தான் தேடுறாங்க.”

“எங்கிட்ட என்னா பாஸ் பண்ணின சேட்டிபிகேட் கெடக்கு?”

“சேட்டிபிகேட் இல்லாட்டி சாட்சி இருக்குல்ல” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாட்டைப் பார்த்து டிலக்சனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. கொலை வழக்குக்குக் கூட அவள் அப்படி அலைந்ததில்லை. அவன் தட்டி நிமிர்த்தின வேன், கார், லொறி எல்லாவற்றின் சொந்தக்காரரையும் தேடிப் போய்ச் சத்தியக்கடதாசி வாங்கினாள். மர்சூக் நானா யானைக் கதையை மூன்று தரம் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். யானை சாய்வதற்கு முந்தின படம், சாய்ந்ததற்குப் பிந்தின படம், டிலக்சன் கை வைத்த பிறகு எடுத்த படம் எல்லாம் வரிசையாகப் போயின.

கடைசியில் நியூசிலாந்திலிருந்து வீடியோவில் இரண்டு வெள்ளைக்காரர்கள் கேள்வி கேட்டார்கள். உறவுக்காரர் வாய் திறக்கக் கூடாது என்பதால் விதுஷா ஃபோனுக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். சீகிரியா வேன்காரரிடம் பொறுக்கின இங்கிலீஷை வைத்து டிலக்சன் சமாளித்தான். செய்ததிலேயே கஷ்டமான வேலை எது என்று கேட்டார்கள். “எலிபன்ட்” என்றான். திரும்பக் கேட்டார்கள். திரும்பவும் “எலிபன்ட்” என்றான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு படங்களைத் தேடி எடுத்து வெகுநேரம் பார்த்தார்கள். வேனை எந்த இடத்திலிருந்து தட்டத் தொடங்கினாய் என்று அதற்குப் பிறகு கேட்ட கேள்வியெல்லாம் இன்னொரு டிங்கர் பாஸ் கேட்கிற கேள்வியாக இருந்தது.

சரி என்று பதில் வந்த அன்றைக்கு விதுஷா குதித்தாள். “வழக்கு ஜெயிச்சாச்சு!” என்று அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் குசினிக்குள் போய்ப் பார்த்தால், அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டது. அவள் கை மட்டும் நிற்கவில்லை.

“அப்ப நீ அங்க என்னா செய்யிற?” என்று கேட்டான்.

“பார்ப்போம்” என்றாள்.

அதுதான் அவனைக் கலக்கிவிட்டது. எந்தக் கேள்விக்கும் மூன்று பதில் வைத்திருக்கிறவள். பார்ப்போம் என்று அவள் சொல்லி அவன் கேட்டதே இல்லை. ஒரு கடதாசி கூட இல்லாதவனை வா என்கிறார்கள், வீடு நிறையக் கடதாசி வைத்திருக்கிறவளை வேண்டாம் என்கிறார்கள். அந்தக் கடதாசி இல்லாதவனுக்காகப் பேசி ஜெயித்ததும் அவள்தான். இதில் யார் கெட்டிக்காரர், யார் முட்டாள், தான் சந்தோஷப்பட வேண்டுமா துக்கப்பட வேண்டுமா? டிலக்சன் யோசித்து யோசித்துத் தலையிடி வந்ததுதான் மிச்சம். நல்ல சேதி வந்த வீட்டில் அன்றைக்கு இரண்டு பேரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இப்போது இந்தப் பேனர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பூசை முடிந்த கையோடு பிரியாவிடை வைத்தார்கள். ஒலிபெருக்கி, மாலை, வடை, பிளேன்டீ. அழகையா வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி நடமாடினார். நாலு பேர் பேசி, நாலு பேரும் தொழிலாளர் லைன் வீட்டுக் காம்பராவில் பிறந்த பிள்ளை வெள்ளைக்காரனுக்கே சட்டம் சொல்லப் போகிறது என்றார்கள். கடைசியில் விதுஷாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

“எல்லாருக்கும் வணக்கங்க. பேனர்ல போட்டிருக்கிறது சரியில்ல. அந்த நாட்டுல என்னைய லோயரா எடுக்க மாட்டாங்க. வேல கெடச்சது இவருக்குத்தான். நான் இவரு கூடப் போறேன், அவ்வளவுதான்.”

யாரோ கெக்கட்டம் விட்டுச் சிரிக்க, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். கைதட்டல் கோயில் கூரையைப் பிய்த்தது.

“எவ்வளவு படிச்சாலும் எங்க புள்ளைக்குத் தலக்கனம் இல்ல பாத்தீங்களா! புருஷன விட்டுக் குடுக்காது!” என்று அழகையா கண்ணைத் துடைத்தார்.

“இல்லப்பா, நெசமாத்தான் சொல்றேன்” என்றாள் விதுஷா. இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். அவள் டிலக்சனைப் பார்த்தாள். அவன் வாழ்க்கையில் மைக் பிடித்ததில்லை. வாங்கி, “அவ சொன்னது உண்ம” என்றான்.

“பாஸுக்கு வந்த ஆசயப் பாரு!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, வடையைப் பிடித்திருந்தவர்களும் வடையை வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

டிலக்சன் மைக்கையும் கையுமாக முழித்தான். ஒரு உண்மையை இரண்டு பேர் பகிரங்கமாகச் சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை. கோர்ட்டில் இவள் எப்படித்தான் ஜெயித்தாளோ என்று கூட அவனுக்குத் தோன்றியது. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அதை அப்படியே விழுங்கினான்.

சிரிக்காமல் இருந்தவள் ஒருத்திதான். கிருஷ்ணம்மா. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்த காலம் முடிந்துவிட்டதால், இருக்கிற காம்பராவை விட்டுப் போகச் சொல்லி நிர்வாகம் வழக்குப் போட்டிருந்தது. விதுஷாதான் அவளுக்காகப் பேசிக்கொண்டிருந்தாள். புறப்படுகிறோமே என்று போன மாதம் டவுனில் இன்னொரு லோயரிடம் வழக்கைக் கையளித்திருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு கிருஷ்ணம்மா படியில் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

“நீ சொன்னது நெசமா புள்ள? அங்க போனா நீ லோயர் இல்லியா?”

“நெசந்தான் பெரியம்மா.”

“அப்பறம் எதுக்குப் போற?”

சவாலாக அவள் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி, தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டிலக்சன் விதுஷாவின் வாயைப் பார்த்தான். எத்தனை நீதவான்களுக்கு மறுமொழி சொன்ன வாய்!

“அந்தப் புது லோயர் தம்பி நல்லவருதான்” என்றாள் கிருஷ்ணம்மா. “ஆனா நான் பேசத் தொடங்கினா மணியப் பாக்குறாரு. காம்பராவ விட்டுட்டா எங்கன போய் நிக்கிறதுன்னு சொல்லி முடிக்கக்கூட விட மாட்டேங்கிறாரு.”

விதுஷா சேலையைக் கூடப் பார்க்காமல் அந்த ஈரப் படியில் உட்கார்ந்தாள்.

“ஒக்காருங்க பெரியம்மா. கோர்ட்டுல அடுத்த தவணை எப்ப?”

இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். டிலக்சன் கழுத்து மாலையைக் கழற்றக்கூட மறந்து பக்கத்தில் நின்றான். பிறகு பாதைக்கு இறங்கி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் அவள் அவனிடம் சொன்னாள்.

“நீங்க முன்ன போங்க. பெரியம்மா வழக்கு முடிஞ்சதும் நான் வந்துர்றேன்.”

இத்தனை காலம் லோயரம்மாவின் புருஷனாக இருந்தவனுக்கு வழக்கு என்றால் என்னவென்று தெரியாதா? மர்சூக் நானாவுடைய வாப்பா போட்ட காணி வழக்கு, நானாவுக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை கம்பஸுக்குப் போன பிறகும் தவணை போய்க்கொண்டிருக்கிறது. முடிந்ததும் என்று அவள் சொன்னது எந்தக் காலத்தை என்று அவனுக்கு விளங்கியது. அவனுக்கு விளங்கிவிட்டது என்பது அவளுக்கும் விளங்கியது. மாலையிலிருந்த பூவை ஒவ்வொன்றாகப் பிய்த்தான்.

“நானும் போகாட்டி?”

“நான் கஷ்டப்பட்டு ஜெயிச்ச ஒரு வழக்க நீங்க தோக்கடிக்கப் போறீங்களா?” என்றாள். “போங்க. தட்டுற சுத்தியலுக்கு அங்க மதிப்பு இருக்குன்னா போய்த் தட்டுங்க. எங் கோட்டுக்கு இங்கதான் மதிப்பு இருக்கு. எப்படி ரெண்டையும் ஒரே எடத்துல வைக்கிறதுன்னு எனக்குந்தான் தெரியல.”

அவளுக்கும் தெரியவில்லை என்பது அவனுக்கு ஒரு ஆறுதலாகவும் பெரிய பயமாகவும் இருந்தது. மேலே, அழகையா ஆட்களை வைத்துப் பேனரை அவிழ்க்காமல் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

“அங்க யாராச்சும் கேப்பாங்கல்ல, ஒம் பொஞ்சாதி என்னா செய்றான்னு. என்னான்னு சொல்றது?”

“லோயர்னு சொல்லுங்க.”

“நம்பணுமே.”

“நம்புவாங்க” என்றாள் விதுஷா, அவன் கழுத்திலிருந்து அந்த மாலையைக் கழற்றியபடி. “யானையவே நம்புனாங்கல்ல.”