குடைப்பிடி முட்டை

என் மேஜை மேல் காகிதம் பறக்காமலிருக்க ஒரு முட்டையை வைத்திருக்கிறேன். மர முட்டை. பழைய குடை ஒன்றின் உருண்டைப் பிடியை உரசி உரசிச் செய்தது. மேலே அடித்த சுண்ணாம்பு உதிர்ந்துபோய், விரிசல்களில் மட்டும் வெள்ளை ஒட்டியிருக்கிறது. பேரப்பிள்ளைகள் எடுத்து உருட்டினால் எனக்குக் கோபம் வந்துவிடும். ஒரு கட்டைக்காகவா இவ்வளவு கூச்சல் என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

செய்தவள் என் அக்கா. யுத்த காலம். மச்சான் ரங்கூனில் ஒரு அரிசி மண்டியில் வேலையாக இருந்தார். அக்கா மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில், அத்தாவோடும் என்னோடும் இருந்தாள். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா முன்பே போய்விட்டாள். மச்சானுக்கு எழுதத் தெரியாது. மண்டியில் யார் கையில் பேனா இருக்கிறதோ அவரைப் பிடித்து எழுதச் சொல்வார். அதனால் கடிதத்துக்குக் கடிதம் கையெழுத்து மாறும். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் படித்துக் காட்டுவேன். ரங்கூனில் குண்டு விழுந்ததோடு கடிதம் நின்றது. அக்கா சோற்றைப் பிசைந்துவிட்டு வாயில் வைக்காமல் எழுந்து போவாள். அதைப் பார்த்து அத்தாவும் தட்டைத் தள்ளிவிடுவார். குடை ரிப்பேர் செய்து எங்களை வளர்த்த மனிதர், கண் முன்னால் இளைத்துக்கொண்டே வந்தார். எனக்கு மட்டும் சோறு இறங்கியது. பத்தொன்பது வயதுப் பசிக்கு வெட்கம் கிடையாது.

அந்தக் கோடையில் ஜப்பான்காரன் இங்கேயும் குண்டு போடுவான் என்று பேச்சு கிளம்பி, பட்டணமே மூட்டை கட்டியது. எதிர்வீட்டுக்காரர் வண்டியேறும்போது, இன்னும் முட்டையிடாத ஐந்து வெடைக்கோழிகளைக் கூடையோடு அக்காவிடம் கொடுத்தார். "திரும்பி வருவமோ இன்னாவோ. நீயே வச்சிக்கோம்மா" என்றார்.

அக்கா கொஞ்சமாவது வாய் திறந்தது அந்தக் கோழிகளிடம்தான். சில வாரத்தில் அவற்றின் கொண்டை சிவந்தது. கேறிக்கொண்டே அரிசிப் பானைக்குப் பின்னாலும் அத்தாவின் குடை மூட்டைக்குள்ளும் நுழைந்து பார்த்தன. "முட்டை வுட எடம் தேடுதுங்கடா" என்றாள். மாம்பழப் பெட்டிகள் இரண்டைக் கொல்லையில் வெயில் படாத மூலையில் வைத்தாள். வைக்கோல் வெளியே சரியாமலிருக்க முன்னால் ஒரு சட்டம். ஜட்கா வண்டி நிற்கும் இடத்தில் நான் கேட்டு வாங்கி வந்த வைக்கோல், அதற்கடியில் பேன் அண்டாமலிருக்க வேப்பிலை, மறைப்புக்குக் கோணித் துணி. பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்குக்கூட அவ்வளவு பார்த்துச் செய்வார்களா என்று தெரியாது. கடைசியாக, உடைந்த குடையின் பிடியை எடுத்து அம்மிக்கல்லில் உரச ஆரம்பித்தாள்.

"இது எதுக்குக்கா?"

"ஒண்ணு கெடந்தாத்தான் புதுக் கோழி நம்பி உக்காரும். இல்லாங்காட்டி கண்ட எடத்துல வுட்டுட்டுப் போவும்."

அந்தப் பொய் முட்டையைப் பார்த்த பிறகுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மறுநாள் கொல்லையில், கோழிகள் காலைச் சுற்றிக் கிளறிக்கொண்டிருக்க, மச்சான் பேரில் நானே ஒரு கடிதம் எழுதினேன். நான் சுகம், அஸ்ஸாம் வழியாக வந்துகொண்டிருக்கிறேன், நாளாகும், வேளைக்குச் சாப்பிடு. இது போதாது, ஏதாவது வீட்டு விஷயம் இருந்தால் நம்பும்படி இருக்கும் என்று தோன்றியது. 'கோழிகள் முட்டையிடத் தொடங்கிவிட்டனவா?' என்று சேர்த்தேன். பர்மாவிலிருந்து நடந்தே வந்த ஒருவர் கொடுத்ததாகச் சொல்லிப் படித்துக் காட்டினேன்.

அக்கா முட்டைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"இன்னொரு தபா படி."

படித்தேன். ஈரக் கையோடு கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டாள். "அத்தாகிட்ட நானே சொல்றேன்" என்று உள்ளே போனாள். அன்று அத்தா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்காவும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அடுத்த நாள், மச்சான் விட்டுப்போன தேக்குப் பெட்டியை, அதுவரை யாரையும் தொடவிடாத பெட்டியை, அவளே திறந்தாள். அவருடைய கைலிகளையும் சட்டைகளையும் எடுத்து ஒரு துணியில் கட்டினாள். பெட்டியைக் கொல்லைக்குத் தூக்கி வந்து படுக்கப் போட்டு, வைக்கோல் பரப்பி, நடுவில் அந்த முட்டையை வைத்தாள். அவர் வரப்போகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். முதல் முட்டை அந்தப் பெட்டியில்தான் விழுந்தது. அவித்து அத்தாவுக்குக் கொடுத்தாள்.

மாப்பிள்ளை வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டே அத்தா கண்ணை மூடினார். யுத்தம் முடிந்த பிறகு, அதே மண்டியில் இருந்த ஒருவர் வீடு தேடி வந்தார். முதல் நாள் விழுந்த குண்டிலேயே மச்சான் போய்விட்டார் என்றார். அவர் தெரு தாண்டியதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "அந்தக் கடுதாசிக்கா... அது நான்..."

"தெரியும்டா. நம்ம ஊட்ல கோழி கீறது அவருக்கு எப்டித் தெரியும்?"

கோழிகள் வந்ததே கடிதம் நின்ற பிறகுதான். அவள் அந்தத் தேக்குப் பெட்டியைத் திறந்தது சந்தோஷத்தில் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. "அன்னிக்கே ஏன்க்கா சொல்லல?"

"அத்தா அன்னிக்கித்தானே வயிறு ரொம்ப சாப்ட்டாரு. அதப் போயி கெடுக்கச் சொல்றியா?"

நான் அவளுக்காக வைத்த பொய் முட்டையில், அத்தாவுக்காக அவள் உட்கார்ந்திருந்தாள். அத்தனை வருஷம், அழக்கூடச் செய்யாமல். நான் என்ன மனிதன் என்று அன்றைக்கு என்னைக் கேட்டுக்கொண்டேன்.

அக்காவும் போய்விட்டாள். இப்போது முட்டை கடையிலிருந்து அட்டையில் அடுக்கி வருகிறது. எந்தக் கோழி எங்கே இட்டதோ. அவள் சாமான்களை ஒழித்தபோது, மச்சானின் கடிதக் கட்டு கிடைத்தது. என்னுடையதையும் அதிலேயே சேர்த்துக் கட்டியிருந்தாள். பிரித்துப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, ஓரத்தில் சுண்ணாம்பு விரல் பதிந்திருந்தது. மேஜை மேல் இந்த முட்டைக்கு அடியில் இருப்பது அந்தக் காகிதம்தான்.