மாற்றி மாட்டிய வயர்

என் அண்ணனுக்குக் காது போய்விட்டது என்று முதலில் சொன்னவன் நான்தான். குழுவில் அன்றைக்கு இருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். சொன்னது தப்பு என்று எனக்குத் தெரிய எட்டு மாதம் ஆயிற்று.

தாராவியில் ஒரு தையல் பட்டறையின் மாடியில் எங்கள் ஆர்கெஸ்ட்ரா பயிற்சி நடக்கும். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. ஜீன்ஸ் கட்டுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பிப்போம். கோயில் கொடை, கல்யாணம், சர்ச் திருவிழா என்று செம்பூர் வரைக்கும் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். அண்ணன் பாடுவான். நான் வயர்மேன். வார நாட்களில் வீடுகளுக்கு லைட்டும் பேனும் மாட்டுவேன், ஞாயிற்றுக்கிழமை மைக்கும் ஸ்பீக்கரும் மாட்டுவேன். கரண்ட் விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் எங்கள் வீட்டைக் கெடுத்தது.

மேடையில் பாடுகிறவனுக்கு ஒரு கஷ்டம் உண்டு. பெரிய ஸ்பீக்கர்கள் ஜனங்களைப் பார்த்து நிற்கும், அவன் அவற்றுக்குப் பின்னால் நிற்பான். ஊருக்கே கேட்கிற அவன் குரல் அவனுக்குக் கேட்காது. அதனால் காலடியில், முகத்தைப் பார்த்துச் சாய்ந்தாற்போல் மானிட்டர் பெட்டி வைப்பார்கள். ஆண்டாப் ஹில்லில் கலைந்துபோன ஒரு குழுவிடமிருந்து அப்படி இரண்டு பழைய பெட்டிகள் எங்களுக்குக் கிடைத்தன. பேஸிவ் மானிட்டர். உள்ளே ஆம்ப்ளிபயர் கிடையாது, கரண்ட் பிளக்கும் கிடையாது. மிக்ஸரிலிருந்து தனியாக ஒரு வயரைத் தனி ஆம்ப்ளிபயருக்குக் கொடுத்து, அங்கிருந்து பெட்டிக்கு ஒரு ஜோடி வயர் இழுக்க வேண்டும். அந்த வருஷக் கோயில் கொடைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. பயிற்சியிலேயே மாட்டிப் பழகிக்கொள்வோம் என்று முடிவானது.

நான் அரை நாளில் மாட்டி முடித்தேன். எட்டு ஓம் தடையுள்ள பெட்டி இரண்டைச் சேர்த்து மாட்டினால் நாலு ஓம், ஆம்ப்ளிபயர் தாங்குமா என்று கணக்கெல்லாம் சரியாகப் பார்த்தேன். வயருக்கு மட்டும், மாதுங்காவில் ஒரு வீட்டு வேலையில் மிஞ்சிய கறுப்பு வயர் ஒரு சுருள் கையில் இருந்தது. எந்த வயர் பிளஸ், எது மைனஸ் என்று ஒரு துண்டு டேப்பாவது சுற்றி அடையாளம் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. வயர்மேனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பல்பில் இரண்டு முனையையும் மாற்றிக் கொடுத்தாலும் எரியும். எரிந்தால் வேலை முடிந்தது, அடுத்த வீட்டுக்குப் போகலாம். ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

அண்ணன் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில் நின்று பாடுவான். ஆட்டம், நடை எதுவும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு, நட்ட கம்பாக நிற்பான். முதல் பாட்டிலேயே நிறுத்தினான்.

"ஏல, சத்தம் வருது. ஆனா இது என் குரல் இல்லல. வத்தலா கேக்கு."

ஒரு பெட்டியைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் போட்டுக் காட்டினேன். நன்றாக இருந்தது. இதைக் கழற்றி அதைப் போட்டேன். அதுவும் நன்றாகவே இருந்தது.

"ரெண்டும் ஜம்முனு இருக்குண்ணே."

"ஒண்ணொண்ணா வச்சா நல்லாத்தான் இருக்கு. ரெண்டும் சேந்தா என்னமோ போயிருது."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? நோயைப் பெயரோடு சொல்லிவிட்டான். வைத்தியனுக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. நான் ஆம்ப்ளிபயரைக் கூட்டிவைத்தேன். மைக் கீச்சென்று கத்தியது, குறைத்தேன். அடுத்த ஞாயிறும் இதே கதை, அதற்கடுத்த ஞாயிறும். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவன் தொண்டையை இழுத்துப் பாடினான். இழுக்க இழுக்கச் சுதி மேலே ஏறியது. மற்றவர்கள் ஓரமாக உட்கார்ந்து வாசிக்கிறவர்கள். அவர்களுக்கு மானிட்டர் நன்றாகவே கேட்டது, அண்ணனின் பிசகும் நன்றாகவே கேட்டது.

கொடைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரே வரியில் மூன்று தடவை சுதி போனது. ரிதம் பேட் வாசிக்கிறவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அண்ணன் என்னைப் பார்த்து, "அந்தப் பெட்டிய ஒரு தடவ பாருல" என்றான். கெஞ்சினாற்போல்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்று ஏறிவிட்டது. இத்தனை பேர் முன்னால் என் வேலையைக் குறை சொல்கிறானே என்று.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பெட்டியில ஒண்ணுமில்ல. பத்து வருசமா பிளாஸ்டிக் அரைக்க மிஷின் பக்கத்துல நிக்கியே, உனக்குக் காதுதான் போயிட்டு. போயி டாக்டர்ட்ட காட்டு."

யாரோ சிரித்தார்கள். அண்ணன் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். வந்திருந்தால் இருவரும் கத்தி ஓய்ந்து, கீழே போய் டீ குடித்துவிட்டு வந்திருப்போம். அவன் மைக்கை ஸ்டாண்டில் மாட்டினான்.

"அப்படியால?" என்றான். மைக் வயரைச் சுருட்டி வைத்துவிட்டு, "இருக்கும்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கிப் போய்விட்டான்.

கொடைக்கு வேறு ஆளை வைத்துப் பாடினோம். அவர் மேடை முழுக்க ஓடி ஆடிப் பாடுகிறவர், நடுவில் நிற்கவே மாட்டார். அண்ணன் அந்த மாதமே பிளாஸ்டிக் பட்டறை வேலையை விட்டான். அந்த மிஷின் சத்தத்தில் மிச்சமிருக்கிற காதும் போய்விடும் என்று பயம். அம்பர்நாத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கே போனான். நான் போன் செய்தால் மதினி எடுப்பாள். "டிவி சத்தம் வைக்க விட மாட்டாவ. குளிக்கும்போதுகூட ஒரு பாட்டு கிடையாது. நீங்களாவது கேளுங்களேன்" என்பாள். நான் கேட்கவில்லை. வீம்பு. மிஷினில் போன காது, நான் என்ன செய்ய என்று இருந்தேன்.

பிறகு ஒரு பெண் எங்களோடு பாட வந்தாள். காலேஜில் படிக்கிறவள், தமிழ்ப் பாட்டை இந்தி எழுத்தில் எழுதி வைத்துப் படிப்பாள். பேட்காரர் அவளை அதே நட்டநடுவில் நிறுத்தினார். அவள் ஒரு வரி பாடினாள், இடது பக்கம் ஒரு எட்டு வைத்து அதே வரியைப் பாடினாள், திரும்ப நடுவுக்கு வந்தாள்.

"அண்ணா, நடுவுல நின்னா என் ஆவாஸ், குரல், காலியா இருக்கு. சைடுல போனா டீக் ஆயிடுது, நல்லா கேக்குது. ஸ்பீக்கர்ல வயர் உல்ட்டாவா?"

இரண்டு பெட்டியின் வலையையும் கழற்றினேன். ஆம்ப்ளிபயர் பக்கம் வயர்களைப் பிடுங்கி, மைக்குக்கு வைத்திருந்த பேட்டரியை, பிளஸ்ஸும் மைனஸும் ஆம்ப்ளிபயரில் இருந்த அதே வரிசையில், வயர் முனைகளில் தொட்டேன். ஒரு ஸ்பீக்கரின் தாள் முன்னே தள்ளியது. மற்றதன் தாள் உள்ளே இழுத்தது. ஒன்று காற்றைத் தள்ள, இன்னொன்று அதே நேரம் இழுக்க, நடுவில் நிற்கிறவனுக்கு இரண்டும் சேர்ந்து அவன் குரலைத் தின்றுவிடும். பக்கவாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கூடம் கோணலாகத்தான் இருந்திருக்கிறது. கோணலாக்கியவன்தான் பழமொழி சொன்னான்.

ஒரு வயரை மாற்றி முடுக்கினேன். இரண்டு நிமிஷ வேலை. அவள் பாடியதும் குரல் கனமாக எழுந்து வந்தது. "அட, சூப்பர்ணா" என்றாள். நான் ஜீன்ஸ் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் சயானில் ரயில் ஏறினேன். அண்ணன் முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். மதினி எனக்கும் தட்டு வைத்தாள். நான் உட்காராமலே சொன்னேன்.

"தப்பு என் மேலதாண்ணே. வயர மாத்தி மாட்டிட்டேன். உன் காதுல ஒண்ணுமில்ல."

அவன் கையைக் கழுவிவிட்டு வந்து, பீரோவைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். காது சோதனை ரிப்போர்ட். அவன் பாட்டை விட்ட பத்தாம் நாளே எடுத்தது.

"ரெண்டு காதும் நல்லா இருக்குன்னுதான் போட்டிருக்கு" என்றான்.

"பெறவு ஏண்ணே வரல?"

"மிஷினுக்கு என்னல தெரியும்? சின்னதுலேந்து நான் பாடுததக் கேட்டுட்டு இருக்கவன் நீ. நீ சொன்னா சரியாத்தான இருக்கும்."

நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வரி பாடு, ஒரே ஒரு வரி, இங்கேயே, மைக்கெல்லாம் வேண்டாம் என்று கேட்டேன். வெகுநேரம் மாட்டேன் என்றான். மதினி அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். கடைசியில், தொண்டையைச் செருமிக்கொண்டு, பல்லவியை மட்டும் பாடினான். சுதி இம்மிகூடப் பிசகவில்லை. ஆனால் கண்ணை மூடவில்லை. பாடி முடிக்கிற வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சுதி அப்படியே சேருதுண்ணே" என்றேன்.

"சும்மா சொல்லாதல" என்றான்.