தின்றுகொண்டிருந்த ராணி

நகரியில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே கம்ப்யூட்டர் விளையாட்டு வந்துவிட்டது. திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே யாரோ விளையாடியதைப் பார்த்துவிட்டு வந்த அண்ணன், புடவைக்குள் வைத்து மடிக்கும் அட்டைகளை ஒட்டித் தானே ஒன்றை வரைந்தான். நடுவில் சந்திரகிரிக் கோட்டை. அதைப் பிடிக்க ராட்சசர்கள், மீன் மனிதர்கள், இறக்கைக்காரர்கள் என்று மூன்று இனங்கள். தாயக்கட்டையை உருட்டிப் புளியங்கொட்டையை நகர்த்த வேண்டும்.

நான் இறக்கைக்காரர்களின் ராணி. மற்றவர்கள் அகழியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது நான் நேராகப் பறந்து கோட்டைக்குள் இறங்கிவிடுவேன். எல்லா ஆட்டத்திலும் நானே ஜெயித்தேன். பக்கத்து வீட்டு இரட்டையர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். முழுப் பரீட்சை லீவையும் அந்த அட்டையிலேயே செலவழித்திருந்த அண்ணனுக்கு அது பெரிய அவமானம்.

திருப்பதியில் கால்நடை மருத்துவம் படித்து முடித்த அம்மாவின் தங்கை அப்போது வீட்டுக்கு வந்திருந்தாள். அண்ணன் அந்தச் சின்னம்மாவிடம் வழக்கைக் கொண்டுபோனான். மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பது போல அவள் அட்டையை உற்றுப் பார்த்தாள்.

“மனுசன் பறக்கணும்னா நெஞ்சுச் சதை இவ்ளோ பெருசா இருக்கணும்” என்று கைகளை விரித்தாள். “எலும்பு லேசா இருக்கும், ஒரு அடி பட்டா முறிஞ்சிடும். அப்புறம் பசி. நாள்பூரா துன்னுக்கினே இருக்கணும்.”

அண்ணனுக்கு வாயெல்லாம் பல். அன்றிலிருந்து நான் ஒருமுறை பறக்க வேண்டுமானால், அதற்கு முன் பலமுறை உட்கார்ந்து தின்ன வேண்டும் என்று சட்டம் வந்தது. இரட்டையர்கள் கைதட்டினார்கள். ஆனால் விஞ்ஞானம் என்னோடு நின்றுவிடவில்லை. ராட்சசன் கனத்துக்கு முட்டி தாங்காது, அதனால் படி ஏறக் கூடாது. மீன் மனிதன் வெயிலில் காய்ந்துபோவான், அதனால் ஆற்றைவிட்டு வெளியே வரக் கூடாது. ஒருவன் உட்கார்ந்திருந்தான், ஒருவன் குளித்துக்கொண்டிருந்தான், நான் தின்றுகொண்டிருந்தேன். கோட்டை நிம்மதியாக இருந்தது.

தறியை நிறுத்திவிட்டுச் சோறு தின்ன வந்த நைனா எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா, ராணி இன்னும் துன்னுக்கினுதான் கீறாங்களா?”

நான் ஓவென்று அழுதுவிட்டேன். “இது ஆட்டமே இல்ல, போடா” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு இரட்டையர்கள் கிரிக்கெட் ஆடக் கிளம்பினார்கள். அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று.

அழுகைக்கு நடுவில் எனக்கு ஒன்று தோன்றியது. “நான் வீட்லயே துன்னுட்டுத்தான் சண்டைக்கு வந்தேன்” என்றேன்.

சின்னம்மா சிரித்த சிரிப்பில் அம்மாவே அடுப்பை விட்டுவிட்டு வந்தாள். “அது நாயம்தான். ஆனா வயிறு நெறஞ்சா கனம். ஒரு வாட்டி பறந்தா ஒரு வாட்டி குந்தணும், சரியா?”

சரி என்றேன். அண்ணன் உடனே மீன் மனிதன் தலையில் ஒரு குடம் தண்ணீரை ஏற்றினான், ராட்சசன் கையில் ஒரு ஊன்றுகோலைக் கொடுத்தான். எல்லாம் பொய்தான். ஆனால் யார் ஜெயிப்பார்கள் என்று முதல்முறையாக யாருக்கும் தெரியவில்லை. இரட்டையர்கள் மட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

சின்னம்மா ஊருக்குக் கிளம்புவதற்கு முன் தானும் ஒரு ஆட்டம் ஆட உட்கார்ந்தாள். இறக்கைக்காரர்களை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் ராட்சசி. தாயம் அவளுக்கு அள்ளிக் கொடுத்தது. அவளோ கோட்டையைத் தாண்டி, அட்டையின் ஓரத்தையும் தாண்டி, புளியங்கொட்டையைச் சிமெண்டுத் தரையில் கொண்டுபோய் வைத்தாள்.

“சின்னம்மா, கோட்டை இங்க கீது!”

“தெரியும்டி.”

“அங்க கட்டமே இல்லியே” என்றான் அண்ணன்.

“நீ போடல. அதுக்காக இல்லன்னு ஆயிடுமா?”

சட்டப்படி அவள் அவுட் என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னான். அவள் தாயக்கட்டையை என் பக்கம் நகர்த்தினாள்.

உள்ளறையில் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் நைனாவும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் அவளைப் பற்றித்தான். மேற்படிப்புக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்திருந்தது. சித்தூர் மாப்பிள்ளை வீட்டுக்கோ பதில் சொல்லியாக வேண்டும். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. ஆவணியில் அவள் விமானம் ஏறிவிட்டாள்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அவ்வளவு படித்த சின்னம்மாவுக்கு ஆடத் தெரியவில்லை. கோட்டையைப் பிடித்துவிட்டேன் என்று தெருக்கோடி வரை கத்திக்கொண்டே ஓடினேன்.